எல்லோரும் சேர்ந்து கீழே வைத்தால்

நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மேலே கூரை இல்லை. 18 அடி உயரத்தில் வெட்டவெளியில் நின்றபடி, எதிரே மலையைக் குடைந்த கோயிலில் இருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியிருக்கிறார். அபிஷேகம் ஆரம்பித்ததும் திரண்டிருக்கும் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து ஒரே இடத்தைப் பார்க்கும். செல்போனில் கேமரா வந்த பிறகு அந்தக் காட்சி மாறியது. கும்பிட உயர்ந்த கைகள் படம் பிடிக்க உயர்ந்தன. முன்னால் நிற்பவரின் திரைக்குள் தெரிந்த சாமியைத்தான் பின்னால் நிற்பவர் பார்க்க முடிந்தது. தமிழ்நாட்டின் பெரிய கோயில்கள் எல்லாவற்றிலும் இதே நிலைதான் இருந்தது.

2022 டிசம்பர் 2-ஆம் தேதி, திருச்செந்தூர் கோயில் தொடர்பான பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுவதும் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி நீதிபதிகள் ஆர். மகாதேவன், ஜெ. சத்ய நாராயண பிரசாத் அமர்வு இந்து சமய அறநிலையத் துறைக்குச் சொன்னது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இந்தத் தடை அதற்கு முன்பே இருந்தது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை அடுத்து, மார்ச் மாதம் அங்கே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் ஒரு போனுக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்துத் தருகிறார்கள். கோயிலுக்குக் கோயில் கண்டிப்பு கூடும், குறையும். ஆனாலும் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, ஒருவர் கையிலும் போன் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கிற இடம் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எது என்றால், கோயிலைத்தான் சொல்ல முடியும்.

வழிபாட்டின் புனிதமும் பாதுகாப்பும்தான் அந்த வழக்கின் அடிப்படை. மனநலம் அங்கே பேசுபொருள் அல்ல. இருந்தாலும், அபிஷேகத்துக்கு வரிசையில் நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். போனைக் கொடுத்துவிட்டு டோக்கனோடு உள்ளே வந்தவர்கள் முதல் ஐந்து நிமிடம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு முன்னால் நிற்பவரிடம் “எந்த ஊருங்க?” என்று கேட்கிறார்கள். பேச்சு எருமப்பட்டியில் ஆரம்பித்து, மகள் கல்யாணம், கோழித் தீவன விலை, முட்டை விலை என்று போய், வரிசை நகர்ந்ததே தெரியாமல் கருவறைக்கு அருகே வந்துவிடுகிறது.

செல்போன் இல்லாத பொது இடம் மனதுக்கு என்ன செய்கிறது என்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றில் சில ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியின் டீக்கடை, கூத்துக்களம், கொலுசுப் பட்டறை, பள்ளி விடுதி இவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. ஒருவர் மட்டும் போனை ஒதுக்கி வைத்தால் அவருக்குப் பதற்றம்தான் மிஞ்சும். கூப்பிட்டவர் என்ன நினைப்பார், குரூப்பில் என்ன ஓடுகிறது என்ற நினைப்பு அவரை விடாது. ஒரு கூட்டமே சேர்ந்து, ஒரே நேரத்தில், யாருக்கும் விலக்கில்லாமல் வைத்தால் அந்தப் பதற்றத்துக்கு அங்கே வேலை இல்லை. பதில் சொல்லாததற்கு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நிம்மதி பிறப்பது அந்த இடத்தில்தான்.

முதலில் பேச்சை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆண்ட்ரூ பிரைபில்ஸ்கி, நெட்டா வைன்ஸ்டைன் இருவரின் ஆய்வு ஒன்று 2012-ல் வெளிவந்தது. அறிமுகம் இல்லாத இருவரை ஓர் அறையில் பேசவிட்டு, பக்கத்தில் சிலருக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சிலருக்கு ஒரு செல்போனையும் வைத்தார்கள். போன் யாருடையதும் அல்ல, அது மணி அடிக்கவும் இல்லை. அப்படியிருந்தும் போன் இருந்த அறையில் பேசியவர்களுக்குள் நெருக்கமும் நம்பிக்கையும் குறைந்தன. மனம் விட்டுப் பேசும்படியான விஷயத்தைப் பேசியபோது இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிந்தது. செய்தி உலகமெல்லாம் பரவியது. ஆனால் அதே சோதனையைப் பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே, போன் சும்மா கிடந்தாலே உறவு கெட்டுவிடும் என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

போனைப் பயன்படுத்தினால் என்ன ஆகிறது என்பதில் இவ்வளவு குழப்பம் இல்லை. கோஸ்டாடின் குஷ்லேவ், எலிசபெத் டன் ஆகியோரின் குழு கனடாவின் வான்கூவரில் 300-க்கும் மேற்பட்டவர்களை அவர்களுடைய நண்பர்கள், வீட்டாரோடு ஓர் உணவகத்துக்கு வரச் சொன்னது. பாதிப் பேர் போனை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேரின் போன்களை ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வைத்துவிட்டார்கள். போன் கையருகே இருந்தவர்களின் கவனம் கூடுதலாகச் சிதறியது, சாப்பாட்டு நேரத்தை அவர்கள் குறைவாகவே ரசித்தார்கள். 2018-ல் வெளிவந்த இந்த ஆய்வு காட்டிய வேறுபாடு பெரியது அல்ல, ஆனாலும் நிச்சயமானது. தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டில் அந்தச் சிறு வேறுபாடு விழுந்தால், வருஷக் கணக்கில் ஒரு குடும்பத்துக்குள் அது எவ்வளவு சேரும் என்பதை வீட்டில் வயதானவர்கள் இருக்கும் யாரும் அறிவார்கள். “வந்ததுல இருந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தான், ஒரு வார்த்தை பேசல கண்ணு” என்று பேரனைப் பற்றிச் சொல்லும் ஆத்தாக்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

அறிமுகமில்லாதவர்களிடம் பேசும் சின்னப் பேச்சுக்கும் கணக்கு உண்டு. டன்னும் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காபி வாங்கும்போது கடைக்காரரோடு சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், வேலையை முடித்துக்கொண்டு விறுவிறுவென்று போனவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். ஊரோடு ஒட்டியிருக்கிறோம் என்ற உணர்வும் அவர்களுக்குக் கூடியது. அதே ஆண்டில் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளிடம் செய்த ஆய்வும் இதையே காட்டியது. அந்நியரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, பேசிய பிறகு பயணம் இனித்தது.

சேலத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு: சாயங்காலம் தெருமுனையில் விளக்கைப் போடும் தட்டுவடை செட் வண்டி. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. வண்டியைச் சுற்றி ஆறேழு பேர் கையில் தட்டோடு நிற்பார்கள். ஒரு செட் முடிந்ததும் தட்டை நீட்ட வேண்டும், கடைக்காரர் அடுத்ததை வைப்பார். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் தட்டுவடை, அதனால் போனுக்குக் கை இருக்காது. கண்ணும் கடைக்காரரின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். “காரம் கொஞ்சம் தூக்கலா போடுங்கண்ணா” என்பதில் ஆரம்பித்துப் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு வந்துவிடும். எந்தப் பலகையும் வைக்காமலே அது போன் இல்லாத இடமாக இருந்துவந்தது. யுபிஐ வந்த பிறகு அதில் ஒரு சின்ன மாற்றம். பணம் கொடுக்கப் போனை வெளியே எடுத்தாக வேண்டும். ஸ்கேன் செய்து முடித்ததும் கட்டைவிரல் தானாகவே வாட்ஸ்அப்புக்குப் போகிறது. பாதி தின்றதும் பணம் கட்டியவர் மீதிப் பாதியைத் திரையைப் பார்த்துக்கொண்டே தின்கிறார். கடைசியில் பணம் கட்டுபவர் கடைசிவரை பேசுகிறார். போன் இல்லாத இடம் வேண்டும் என்று யோசிக்கிறவர்கள், போனை வெளியே இழுக்கிற இந்த மாதிரிச் சின்னக் காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கைக்கு வேலை இருக்கிற இடத்தில் போன் தானாக அடங்குகிறது என்பதற்குச் சேலத்துக் கொலுசுப் பட்டறையும் சாட்சி. தரையில் சம்மணமிட்டு, வெள்ளிக் கண்ணிகளைக் கோத்து, பற்ற வைத்துக்கொண்டே பேசுவார்கள். கைத்தறியில் கையோடு காலுக்கும் வேலை. அங்கே போன் பாட்டுப் பெட்டியாக ஓர் ஓரத்தில் இருக்கும். பழைய இளையராஜா பாட்டு ஓடும், எல்லோர் காதுக்கும் ஒரே பாட்டு. அந்தப் போன் யாரையும் யாரிடமிருந்தும் பிரிப்பதில்லை. அது முன்பு ரேடியோ இருந்த இடத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு திரை, காதுக்கொரு இயர்போன் என்று ஆகும்போதுதான் ஒரே அறையில் ஆறு பேர் ஆறு ஊரில் இருப்பார்கள்.

படம் பிடிப்பதைப் பற்றி ஆய்வுகள் சொல்வது இன்னும் நுட்பமானது. 2014-ல் லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாக நினைவில் வைத்திருந்ததைக் கண்டார். படம் எடுத்தாயிற்று, இனி நாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்று மனம் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறது. இதற்கு மாறாக அலிக்சாண்ட்ரா பராஷ், கிறிஸ்டின் டீல், கால் ஜாபர்மன் குழு, நாமே விரும்பி எதைப் படமெடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது கண்ணால் கண்டது நன்றாகவே நினைவில் நிற்பதாக 2017-ல் காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது: காதால் கேட்டது குறைந்துபோகிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கூத்து கேட்பதற்கானது. இரவு களரி கட்டி, மிருதங்கமும் முகவீணையும் ஊரைக் கூட்டிய பிறகு வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வெளியே வரும். கர்ண மோட்சமோ இரணியனோ, விடியும்வரை பாட்டும் தர்க்கமும்தான் கதையை நகர்த்தும். கோமாளி முன்வரிசைக்காரரைப் பெயர் சொல்லி இழுப்பார், அவர் திருப்பிச் சொல்வார், ஊரே சிரிக்கும். சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டே கேட்டவர்கள் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இன்றைக்கு முன்வரிசையில் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எதிரே வெளிச்சம் அடிக்க, முகம் தெரியாத கூட்டத்தைப் பார்த்துக் கோமாளி யாரை இழுப்பது? படம் பிடிப்பவரிடம் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை, வீடியோவில் தன் குரல் விழுந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். நேருக்கு நேர் பேசி வளர்ந்த ஒரு கலைக்கு இது பெரிய இழப்பு. பார்ப்பவருக்கும் இழப்புதான். ஊரோடு சேர்ந்து ஒரே நொடியில் சிரித்தோம் என்ற அனுபவத்தைத் தனியாகப் பின்னால் பார்க்கும் வீடியோ தராது.

மறுபக்கமும் உண்டு, அதையும் மதிக்கிறேன். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனுக்கு வீடியோ காலில் கூத்தைக் காட்டும் அம்மாவின் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யூடியூபில் ஏறிய கூத்தால் வெளியூர் அழைப்பு பெற்ற குழுக்களும் இருக்கின்றன. முதல் அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் படம் எடுக்கட்டும், வேஷம் கட்டியவர்களோடு நின்றும் எடுத்துக்கொள்ளட்டும், அதன் பிறகு விடியும்வரை போன் மடியில் கட்டி இருக்கட்டும் என்று விழாக் கமிட்டி மைக்கில் சொன்னால் போதும். ஆடி மாதம் சேலம் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். வேஷமிட்டு வண்டியில் நிற்பவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார்கள், பார்ப்பவர் சில நிமிடமாவது வெறுங்கண்ணால் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கவனம், தனிமை, மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளை வேகமாகக் கடக்கிறேன், அவற்றில் பல பொதுவாகப் பேசப்பட்டவைதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு குழு 2017-ல், போன் அடுத்த அறையில் இருந்தவர்கள் மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடக் கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்றது. பின்வந்த ஆய்வுகள் அந்த விளைவு சிறியது, எல்லா இடத்திலும் தெரிவதில்லை என்று திருத்தின. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் 143 மாணவர்களிடம் செய்த சோதனையில், சமூக ஊடகத்தைத் தினம் அரை மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொண்டவர்களின் தனிமை உணர்வும் மனச்சோர்வும் மூன்று வாரத்தில் குறைந்தன.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது 2025 தொடக்கத்தில் நோவா காஸ்டெலோ குழு வெளியிட்ட ஆய்வு. 467 பேரின் போனில் இரண்டு வாரத்துக்கு இணையத்தை மட்டும் நிறுத்தினார்கள். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வழக்கம்போல இருந்தன. மனநலம், மனநிறைவு, கவனம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது 91 சதவீதம் பேர் முன்னேறினார்கள். காரணத்தைத் தேடியபோது, மிச்சமான நேரத்தில் அவர்கள் ஆட்களை நேரில் பார்த்துப் பேசியிருந்தார்கள், நடந்திருந்தார்கள், மரஞ்செடியுள்ள இடங்களுக்குப் போயிருந்தார்கள், கொஞ்சம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். போன் போன இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதுதான் அவர்களைத் தேற்றியது.

போன் போன இடத்தில் ஒன்றுமே வராவிட்டால் என்ன ஆகும்? அதையும் இந்தச் சமவெளியிலேயே பார்த்திருக்கிறோம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பேர் போனவை. மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே அங்கே போனுக்குத் தடை. 2017-ல் தமிழ்நாடு அரசு மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தும் அளவுக்கு அந்தப் போட்டி முற்றியிருந்தது. விடியற்காலையிலிருந்து இரவு வரை படிப்பு நேரம், பக்கத்தில் இருப்பவனோடு பேசினால் கண்டிப்பு, வீட்டாரைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு. அங்கே கருவி இல்லை, கவனச் சிதறல் இல்லை, பேச்சும் இல்லை. அப்படி வளர்ந்தவர்கள் பலர் அந்த இரண்டு வருஷத்தை நிம்மதியான காலமாக நினைவுகூர்வதில்லை. போன் இல்லாத இடம் என்று வெறுமனே சொன்னால் அந்த விடுதியும் அதில் அடங்கும். மனதுக்கு இதமானது கூட்டாளிகளோடு கூடிய இடம் மட்டுமே.

பள்ளித் தடை பற்றிய உலக அனுபவமும் இதை ஒட்டியே போகிறது. பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டது, நெதர்லாந்தில் 2024-ல் வகுப்பறைகளிலிருந்து போன் வெளியேறியது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்த லூயி-பிலிப் பெலாண்டும் ரிச்சர்ட் மர்பியும், தடைக்குப் பிறகு படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் என்று கண்டார்கள். ஆனால் மனநலத்தைக் குறிவைத்து பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களிடம் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வில், தடை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் மனநலத்தில் வேறுபாடு இல்லை. பள்ளியில் குறைந்த நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் ஈடுகட்டிக்கொண்டார்கள். நாள் முழுவதும் போனில் கூடுதல் நேரம் போக்கியவர்களின் மனநலம் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. பள்ளி வாசலில் வாங்கி வைத்துவிட்டு, வீட்டில் அப்பா அம்மா இருவரும் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு எதுவும் மாறாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-ல் போன், கேம் பழக்கத்திலிருந்து மீள உதவும் ஷட் என்ற தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. பழக்கம் நோயாக முற்றியவர்களுக்கு அப்படிப்பட்ட மருத்துவ உதவி வேண்டும். நோயாகாமல் காப்பது வீட்டிலும் தெருவிலும் இருக்கிறவர்கள் கையில்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். போன் தடை என்ற பேரில் அடக்குமுறை நுழைந்துவிடும். 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் ஒரு சமூகத்தின் பெரியவர்கள் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆண்களுக்கு அந்தத் தடை கிடையாது. தமிழ்நாட்டுப் பஞ்சாலை விடுதிகளில் தங்கி வேலை செய்த இளம்பெண்களுக்குச் செல்போன் மறுக்கப்பட்டதைப் பற்றி நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் 2014-ல் அறிக்கை வெளியிட்டன. சம்பளம் குறைந்தாலோ யாராவது தொல்லை கொடுத்தாலோ வீட்டுக்குச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வேறு வழி என்ன? ஒருவர் போனை இன்னொருவர் பறித்து வைக்கும் இடத்தில் மன அமைதி வராது, பயம்தான் வரும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும், ஆணும் பெண்ணும், மாமியாரும் மருமகளும் சேர்ந்து வைக்காத இடத்தை நான் போன் இல்லாத பொது இடமாக எண்ணவில்லை.

இந்தச் சமவெளிக்கென்றே உள்ள இன்னொரு நியாயமும் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போகும் டிரைவருக்குக் குழந்தையின் முகம் திரையில்தான் தெரியும். இங்குள்ள கோழிப் பண்ணைகளிலும் தறிப் பட்டறைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா ஆட்களுக்கு ஊர் என்பதே அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசும் ஒருவரிடம் போனை வை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காஸ்டெலோ குழு அழைப்பை விட்டுவைத்து இணையத்தை மட்டும் நிறுத்தியது எனக்குச் சரியான வழியாகப் படுவது இதனால்தான். உறவைக் கிட்டே கொண்டுவரும் குரலை விட்டுவைத்து, ரீல்ஸ் ஓட்டும் விரலை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்த முடியும்.

எல்லாம் கூடிவந்த ஓர் ஊர் உண்டு. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில், கரும்பு விளையும் மோஹித்யாஞ்சே வட்காவ். மூவாயிரம் பேர் இருக்கும் கிராமம். கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். ஊராட்சித் தலைவர் விஜய் மோஹிதே முதலில் யோசனை சொன்னபோது ஆண்கள் சிரித்தார்கள். பெண்களைக் கூட்டிப் பேசியபோது, தாங்களும் சீரியல் அதிகம் பார்ப்பதை ஒப்புக்கொண்டு, ஊரே அணைப்பதாக இருந்தால் நாங்களும் அணைக்கிறோம் என்றார்கள். 2022 ஆகஸ்ட் 14-ல் முடிவெடுத்து, சுதந்திர தினத்திலிருந்து தினமும் மாலை 7 மணிக்குக் கோயில் மேல் வைத்த சங்கு ஊதத் தொடங்கியது. டிவி, செல்போன் இரண்டும் நிற்கும். எட்டரை மணிக்கு மறுபடி சங்கு. ஆரம்பத்தில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்தினார்கள். பிள்ளைகள் படிக்க உட்கார்ந்தார்கள், பெரியவர்கள் வாசலுக்கு வந்து பேச ஆரம்பித்தார்கள். சட்டமோ அபராதமோ அதைச் சாதிக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் இந்நேரம் அணைந்திருக்கும் என்ற உறுதிதான் ஒவ்வொரு வீட்டையும் அணைக்க வைத்தது.

நம் பக்கத்தில் இதைச் செய்ய அமைப்பு புதிதாக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஆகஸ்ட் 15-ம் ஒன்று. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலையோடு இதையும் ஒரு தீர்மானமாக வைக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முன்மொழிந்தால் நிற்கும், ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தால் அது மருமகளின் போனைப் பிடுங்குவதில்தான் போய் முடியும். ஒன்றரை மணி நேரம் வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் ஆரம்பிக்கட்டும். அந்த நேரத்துக்குச் செய்ய ஏதாவது இருக்க வேண்டும்: ஊர்ப்புற நூலகம் அந்த நேரத்தில் திறந்திருக்கட்டும், கோயில் திண்ணையில் தாயக்கட்டத்துக்கும் ஆடுபுலிக்கும் மறுபடி கோடு போடட்டும். ஆடுபுலி ஆடும்போது எதிராளி கல்லை நகர்த்தும் வரை காத்திருக்க வேண்டும். திரை பழக்கிய அவசரத்துக்கு அந்தக் காத்திருப்பே மருந்து.

கடைசியாக எல்லோரும் கேட்பது, அவசரத்துக்கு என்ன செய்வது என்றுதான். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கும், மகள் பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருக்கும், வண்டியில் போனவன் வந்து சேர்ந்திருக்க மாட்டான். இந்தப் பயம் நியாயமானது, இதற்கு வழி சொல்லாமல் யாரிடமும் போனை வைக்கச் சொல்லக் கூடாது. தொண்ணூறுகளில் கல்யாணப் பத்திரிகையிலும் லாரி ஆபீஸ் கார்டிலும் பி.பி. நம்பர் என்று ஒன்று அச்சாகும். அது தெருவில் போன் வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் நம்பர். அழைப்பு வந்தால் கடைப் பையன் ஓடிவந்து, “அண்ணி, மும்பையில இருந்து அண்ணன் கூப்பிட்டாரு, பத்து நிமிஷத்துல மறுபடி கூப்பிடறாராம்” என்று சொல்லிவிட்டுப் போவான். இப்போதும் அதே வழி போதும்: ஊருக்கு ஒரு பொது எண், அந்த முக்கால் மணி நேரத்துக்கு அதன் அருகே முறை வைத்து ஓர் ஆள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த எண்ணை முன்கூட்டியே கொடுத்து வைப்பது. லாரி ஓட்டுபவர்களின் வீட்டிலிருந்து முதல் முறைக்கு ஆள் வருவது நல்லது, எந்த அழைப்பு உண்மையிலேயே அவசரம் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.